புல்லுக்கு அடியில் மூடுபனி

செப்டம்பர் 6, சனி

முன்புறத்துப் புல்லை இன்று வெட்ட ஆரம்பித்தேன். மண்வெட்டியால் கோடு கிழித்து, பாய் மாதிரிச் சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறேன். குழாயைப் புதைத்துவிட்டுத் திரும்ப விரித்தால் அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பேய் விழாவுக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் ஏசிக் குழாய் ஓட்டிச் சம்பாதிக்கிறவள் நான். என் வீட்டு மண்ணுக்குள் ஓட்டத் தெரியாதா?

பக்கத்து வீட்டு ஸ்டானெக் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். டயர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த மனுஷனுக்கு வேறு பிழைப்பே இல்லை. தெருவில் யார் தும்மினாலும் மூக்கை நுழைத்தாக வேண்டும்.

"யாரைப் புதைக்கப் போறே ராண்டா? கர்ட்டையா? அவன் உயரத்துக்கு இது பத்தாதே."

"கர்ட்டுக்கு இங்க இடமில்ல. உங்களுக்குத்தான் அளவெடுத்துட்டு இருக்கேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசனை கர்ட்டின் மகள் வில்லாவுடையது. போன ஹாலோவீனுக்கு வாசற்படியில் புகை மெஷினை வைத்தோம். காற்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. அட்டைக் கல்லறைகள் மட்டும் மொட்டையாக நின்றன. பிள்ளைக்கு அழுகை. "ரோ, செத்தவங்க மண்ணுக்குள்ளேருந்துதானே வர்றாங்க? அப்ப பனியும் அங்கேருந்துதான் வரணும்." பிறகு அழுகை நின்று திட்டம் ஆரம்பித்தது. "நான் பனிக்குள்ள படுத்திருப்பேன். யாருக்கும் தெரியாது. நீ வந்ததும் மெதுவா எழுந்து நிப்பேன்."

அடுத்த வருஷம் பண்ணிடலாம் என்றேன். மார்ச் மாதம் கர்ட் என்னை விட்டுப் பிரிந்து, அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வருஷம் மட்டும் வந்து நிற்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதுகு. எழுந்திருக்கவே முடியல.

செப்டம்பர் 14, ஞாயிறு

கர்ட்டுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வில்லாவோடு பேசலாம் என்று ஏப்ரலில் சொன்னது அவன் வாய்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் அதையும் நிறுத்திவிட்டான்.

மூன்று வயதில் என் கைக்கு வந்த பிள்ளை, இப்போது ஒன்பது. பெற்றவள் டெக்சஸில் எங்கேயோ, பிறந்தநாள் அட்டைகூட அனுப்பியதில்லை. காய்ச்சலுக்குக் கண் விழித்தது யார்? சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது யார்? அம்மா என்று கூப்பிட்டதில்லை, ரோ என்றுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வக்கீல் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "நீங்க பெத்தவங்களும் இல்ல, தத்தெடுத்தவங்களும் இல்ல. அப்பா காட்டினா பார்க்கலாம்."

அப்பா காட்ட மாட்டான். காரணம் கேட்டால், நான் கத்துகிறேனாம். "உன் கத்தல் பிள்ளைக்கு ஒத்துக்கல." கத்தினேன்தான். கர்ட்டிடம் கத்தினேன், தெருவுக்கே கேட்டிருக்கும், யார் இல்லைன்னா? ஆனா வில்லாகிட்ட? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவகிட்ட நான் குரல் உசத்தினேன்னு அவனால சொல்ல முடியுமா? பால் கொட்டினப்போ இல்ல. என் வேலை வண்டிச் சாவியைக் கழிவறையில போட்டப்போகூட இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கடா. இதை மட்டும் எவனாலும் எங்கிட்டேருந்து பிடுங்க முடியாது.

இந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் மட்டும், எந்தப் பிள்ளையும் வேஷம் போட்டுக்கொண்டு எந்த வீட்டுக் கதவையும் தட்டி மிட்டாய் கேட்கலாம். வாசல் விளக்கு எரிந்தால் போதும். யார் பிள்ளை, யாருக்கு என்ன உரிமை என்று கேட்பார் இல்லை. கர்ட் குடியிருப்பது நாலு தெரு தள்ளித்தான். ஊரில் ஒருவரிடமும் இல்லாத ஒன்று என் வாசலில் இருந்தால், பிள்ளைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். "அந்த வீட்டுக்குப் போகணும்" என்று வில்லா அடம் பிடித்தால் அவனால் என்ன செய்ய முடியும்?

ஹாலோவீன் விழுகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக் கால்பந்து ஆட்டம் இருக்கிறதாம், அதனால் நகர மன்றம் மிட்டாய் சாயங்காலத்தை வியாழன், 30-ஆம் தேதிக்கு வைத்திருக்கிறது. ஆறிலிருந்து எட்டு. இந்த ஊரில் பேய்கூடக் கால்பந்துக்கு அடுத்ததுதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வாசற்படி ஓரத்துப் பெட்டியில் மெஷின். அதிலிருந்து சுடச்சுட வருகிற புகை மேலேதான் பறக்கும். ஐஸ் நிரப்பிய இன்னொரு பெட்டி வழியாக விட்டுக் குளிர வைத்தால்தான் தரையோடு படுக்கும். அப்புறம் குழாய், குழாயிலிருந்து அங்கங்கே புல் மட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வாய். குழாய் ஒரே சரிவாக ஓட வேண்டும். நடுவில் தொய்ந்தால் புகை தண்ணீராகித் தேங்கி அடைத்துக்கொள்ளும்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்துக்கு நடைபாதை சிமெண்டைத் தாண்டிப் போக வேண்டும். எப்படி என்று யோசித்துக்கொண்டே தோண்டினால், சிமெண்டுக்கு அடியில் ஒரு பழைய சுட்டமண் குழாயின் வாய். ஒரு காலத்தில் கூரைத் தண்ணீரை ரோட்டுக்குக் கொண்டுபோனது போலிருக்கிறது. தோண்டும் முன்பு சொல்லவேண்டிய எண்ணுக்கு முறையாகப் போன் பண்ணி, கேஸ், கரண்ட், தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் எங்கே ஓடுகிறது என்று கலர்க் கொடி நட வைத்திருந்தேன். இதற்குக் கொடி இல்லை. கொடி இல்லாத குழாய் யாருக்கும் சொந்தமில்லாத குழாய். இரண்டு பக்கமும் என் குழாயை அதன் வாயில் சொருகினேன். ஒரு வார வேலை மிச்சம்.

முதல் தடவையாக ஏதோ ஒன்று என் பக்கம் சாய்கிறது.

செப்டம்பர் 27, சனி

மானம் போச்சு.

சாயங்காலம் வெள்ளோட்டம் விட்டேன். இடது பக்கம் அழகாக வந்தது, புல் நுனியை நக்கிக்கொண்டு. வலது பக்கம் ஒரு இழைகூட இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். இல்லை. புகையைத் தள்ளும் காற்றாடியை முழுவேகத்தில் வைத்து, மெஷினைத் திணறத் திணற ஓட்டினேன். எங்கே போகிறது இவ்வளவும் என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டானெக் வீட்டுக் கதவு திறந்தது. காலில் ஒற்றைச் செருப்பு, கையில் பூனை.

"பேஸ்மெண்ட் எரியுது!"

அதற்குள் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்தது, தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. முகமூடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு அடியிலுள்ள அந்த அறைக்குள் இறங்கிய ஆள் மேலே வரும்போது தோள் குலுங்குகிறது. "பெரியவரே, தீ எதுவும் இல்ல. உங்க பேஸ்மெண்ட் தரை ஓட்டையிலேருந்து ஹாலோவீன் வருது."

இரண்டு வீட்டையும் ஒரே ஆள் கட்டியிருக்கிறான். என் கூரைத் தண்ணீர்க் குழாயையும் அவர் வீட்டுப் பேஸ்மெண்ட் வடிகாலையும் மண்ணுக்குள் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

ஸ்டானெக் பூனையை இறக்கிவிடவே இல்லை. "என் பொண்டாட்டி செத்தப்பகூட இந்த வீட்டுக்கு இவ்வளவு கூட்டம் வரல, ராண்டா."

மன்னிப்புக் கேட்டேன். நான் அடிக்கடி செய்கிற காரியம் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கர்ட்டிடமிருந்து செய்தி. இத்தனை நாள் என் போனை எடுக்காதவனுக்கு இன்று விரல் வந்துவிட்டது. "தீயணைப்பு வண்டி வர்ற வீட்டுக்கு என் பிள்ளை வராது. ஹாலோவீனுக்கும் சேர்த்துத்தான்."

யார் சொல்லியிருப்பார்கள்? யார் சொல்லாமல் இருந்திருப்பார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

போன் பண்ணினேன். இந்தத் தடவை எடுத்தான். என் பிள்ளையாம். என்னடா உன் பிள்ளை? அவளுக்கு எந்த ஷூ அளவுன்னு ஒரு நாளாவது தெரியுமா உனக்கு? கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். அவன் பதமா, டாக்டர் மாதிரிப் பேசறான். "பார்த்தியா? இதைத்தான் சொன்னேன்." வெச்சுட்டான்.

பல்லைக் கடிச்சுட்டுப் பேசியிருக்கலாம். ஏன் முடியல?

அக்டோபர் 4, சனி

விடமாட்டேன். வராவிட்டாலும் போட்டே தீருவேன்.

மண்குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். தோட்டக் குழாயை ஒரு நீண்ட இரும்புக் குழாயில் மாட்டி, தண்ணீரின் வேகத்திலேயே நடைபாதைக்கு அடியில் மண்ணை அரித்து ஓட்டை போட்டேன். மதியமே மறுபக்கம் வந்துவிட்டது. முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். சோம்பேறித்தனத்துக்குக் கூலி ஒரு தீயணைப்பு வண்டி.

புல்லையும் திரும்ப விரித்தாயிற்று. இப்போது தொல்லை அந்தப் பிளாஸ்டிக் வாய்கள். புல் மட்டத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, மிதித்தால் நொறுங்கும். தபால்காரி ஒன்றை மிதித்தாள். பந்தை எடுத்துக்கொண்டு மூலையில் குறுக்கே ஓடுகிற எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டை மிதித்தார்கள். வெளியே ஓடி நன்றாகக் கத்தித் தீர்த்தேன். சின்னவன் அழுதுகொண்டே போனான்.

ஸ்டானெக் தன் வாசலிலிருந்து: "பனியெல்லாம் எதுக்கு ராண்டா? நீ கல்லறைக்குப் பின்னால நின்னு கத்தினா போதும், செத்தவன் எழுந்து ஓடிடுவான்."

"மிதிச்சா சொல்லக் கூடாதா?"

"அழுவுறான் பாரு."

"என் பிள்ளையா அது, பார்த்துப் பேச?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேஸ்மெண்ட்டை இன்னும் மன்னிக்கவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 11, சனி

கடையில் இன்னொரு ஐஸ் பெட்டி வாங்கப் போனேன். ஹாலோவீன் சாமான் வரிசையில் ஜெனெல். கர்ட்டின் இப்போதைய துணை. பல் மருத்துவமனையில் முன்மேஜையில் உட்கார்ந்து ஊரில் எல்லோருக்கும் பல்லைக் காட்டுகிறவள். என்னைப் பார்த்ததும் மட்டும் பல் உள்ளே போய்விட்டது.

அவள் வண்டியில் ஊதா நிறத்தில் மினுமினுப்பாக, வால் வைத்த உடுப்பு.

"வில்லாவுக்கா?" என்றேன்.

"ம். இந்த வருஷம் கடல்கன்னி."

கடல்கன்னி. என் வில்லா பளபளப்பைத் தொடக்கூட மாட்டாள். "எந்தத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"கர்ட் முடிவு பண்ணுவார்."

"ஏன், உனக்கு வாய் இல்லையா?"

"இருக்கு," என்றாள் மெதுவாக. "அதைத் தெருவுக்கே காட்டணும்னு இல்ல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நாசமாப் போறவ, நல்லாத்தான் சொன்னா.

ஊதா வால். எப்படியோ வந்துவிட்டால் அடையாளமாவது தெரியும்.

அக்டோபர் 18, சனி

வந்துவிட்டது.

காற்றில்லாத சாயங்காலம். மெஷினைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் புல்லே மூச்சு விடுகிற மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், சத்தமில்லாமல். கணுக்கால் உயரம், முழங்கால் உயரம். நடைபாதை மறைந்தது. கல்லறைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. அப்படியே நின்றது. ரோட்டுக்குப் போகவில்லை, மேலே பறக்கவில்லை.

ஸ்டானெக் வந்து எல்லையில் நின்று வெகுநேரம் பார்த்தார். கோப்பையில் காபி ஆறிப்போயிருக்கும்.

"அந்தக் குட்டி வருமா?"

"வராது."

"பின்னே இவ்வளவும் யாருக்கு?"

"உங்க பேஸ்மெண்ட்டுக்கு."

போய்விட்டார். மெஷினை அணைக்க மனசு வரவில்லை. ஐஸ் உருகித் தீரும் வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்த வேலைகளிலேயே இதுதான் அழகு. பார்க்கவேண்டியவள் பார்க்காத அழகு. த்தூ.

அக்டோபர் 26, ஞாயிறு

வியாழக்கிழமை மழை இல்லை, காற்றும் அதிகமில்லை என்கிறார்கள். மிட்டாய் வாங்கியாயிற்று. நடுவில் கடலைவெண்ணெய் வைத்த சாக்லேட் ஒரு பை தனியாக. அது வில்லாவுக்கு மட்டும். ஏன் வாங்கினேன் என்று கேட்காதே.

அக்டோபர் 30, வியாழன்

ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது. கறுப்பு அங்கி, கூம்புத் தொப்பியோடு மிட்டாய்ப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரே வந்தது. எங்கெங்கிருந்தோ கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் நடைபாதையில் கால் வைக்கப் பயந்து, பிறகு வைத்து, பிறகு போக மாட்டேன் என்றன. ஒரு அப்பா இரண்டு தடவை வந்தார், இரண்டாம் தடவை பிள்ளை இல்லாமல். "எப்படிங்க மண்ணுக்குள்ளேருந்து வருது?" என்று கேட்காத ஆளில்லை. நான் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு வால்களைத் தேடினேன். ஒரு பச்சைக் கடல்கன்னி வந்தது. முகமூடிக்குள் எட்டிப் பார்த்தேன், யாரோ. ஊதாவில் ஒன்று வந்தது. அது டைனோசர்.

ஏழரை இருக்கும். வலது பக்க மூலையில் பனி இளைத்தது. கல்லறைகளுக்குப் பின்னால் இரண்டு வாயிலிருந்து வரவேண்டியது வரவில்லை. ஏதோ அடைத்துக்கொண்டுவிட்டது, இன்றைக்குப் பார்த்து. எட்டிப் பார்த்தால் அடைப்பு இல்லை, ஆள். வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரிய பிள்ளை, பதினொரு வயசாவது இருக்கும், வாய்களின் மேலேயே மல்லாந்து படுத்திருக்கிறது. சொந்த வீட்டுக் கட்டில் மாதிரி.

ஏற்கெனவே ஒருத்தி வராத எரிச்சல். பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஏய்! எழுந்திரு! உன்னைத்தான்! குழாய் மேல வந்து படுக்கறியே, அறிவில்ல?"

அது மெதுவாகத்தான் எழுந்தது. பனிக்குள்ளிருந்து எழுந்து நின்று, விரிப்பில் வெட்டிய இரண்டு ஓட்டை வழியாக என்னையே பார்த்தது. ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அந்தத் திமிர் எனக்கு இன்னும் ஏற்றிவிட்டது. "எந்த வீட்டுப் பிள்ளை நீ? போ வெளியே! உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, உன்னை வளர்த்தவளைச் சொல்லணும்!"

ஓடிவிட்டது. ஒரு வாய் நசுங்கியிருந்தது. விரலால் நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்குச் சங்கு. ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது. நான் அணைக்கவில்லை. கடல்கன்னி வரவில்லை.

கடலைவெண்ணெய்ச் சாக்லேட் பையை நானே பிரித்துத் தின்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

ஸ்டானெக் வந்தார். வெறுங்கையோடு. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் உட்கார்ந்ததே இல்லை.

"நேத்து அந்த வெள்ளைத் துணி போட்ட பிள்ளைகிட்ட என்ன சொன்னே?"

"குழாய் மேல படுத்திருந்தது. துரத்தினேன். ஏன், உங்களுக்குச் சொந்தமா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட மிட்டாய் வாங்க வந்தா. துணியைத் தூக்கிக் காட்டினா. அடியில ஊதா வால் தொங்கிட்டு இருந்தது."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொல்லிக்கொண்டே போனார்.

கூட்டிக்கொண்டு வந்தது ஜெனெல்தானாம். கர்ட்டுக்குத் தெரியாமல். தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். என் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன் என்பது கர்ட்டிடம் பிள்ளை கொடுத்திருந்த வாக்கு. "'நான் தட்ட மாட்டேன் மிஸ்டர் ஸ்டானெக், பனிக்குள்ள படுத்துக்குவேன். ரோ வந்ததும் எழுந்து நிப்பேன். அதுதான் எங்க திட்டம்'னா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நீ ஓடினே பாரு, அவளை நீ கண்டுபிடிச்சுட்டேன்னு நினைச்சு நான் சிரிச்சுட்டே உள்ள போனேன். அப்புறம்தான் உன் சத்தம் கேட்டது."

ஏழு மாசத்துல அவ்வளவு வளர்ந்துட்டா. எனக்குத் தெரியல. நின்னு என்னையே பார்த்தா. நான் கண்டுபிடிப்பேன்னு நின்னா. நான் அவளை —

உன்னை வளர்த்தவளைச் சொல்லணும்னு சொன்னேன். அவகிட்ட. என் வாயால.

வேலைக்குப் போகல.

நவம்பர் 2, ஞாயிறு

ஒரு நாளும் அவகிட்ட குரல் உசத்தினதில்லைன்னு நான் கர்ட்கிட்ட இனிமே சொல்ல முடியாது. அவன் கேக்கவே வேண்டாம். எனக்கே சொல்ல முடியாது.

ஜெனெலுக்குச் செய்தி எழுதினேன். வில்லாவுக்கு ஏதாவது அவசரம் என்றால் இருக்கட்டும் என்று வசந்தத்தில் அவளே கொடுத்த எண். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில்: "அது அவள்னு எனக்குத் தெரியாது. தயவுசெய்து அவகிட்ட சொல்லு. கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி."

அந்த நன்றியை எழுதத்தான் நேரமாயிற்று.

நவம்பர் 3, திங்கள்

பதில் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

ஒரு வீட்டின் மாடியில் ஹீட்டரின் காற்றுப் பாதையான டக்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. ஜெனெல்.

"சொன்னேன். 'அது நான்னு ரோவுக்குத் தெரியாது, அது எனக்கும் தெரியும்'னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'அப்ப மத்த பிள்ளைங்ககிட்ட அவ இப்படித்தான் பேசுவாளா'ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அவசரமில்ல, உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

டக்ட்டுக்குள்ளேயே இருந்தேன். அந்த வீட்டம்மா கீழேயிருந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். சரியா இருக்கு என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று ராத்திரி தண்ணீர் உறையும் குளிர் என்கிறார்கள். குழாயில் தேங்கிய தண்ணீரையெல்லாம் காற்றடித்து வெளியேற்றினேன். வாய்களை ஒவ்வொன்றாக மூடினேன்.

"தோண்டி எடுக்கலையா?" ஸ்டானெக், காபிக் கோப்பையோடு.

"இருக்கட்டும்."

"அடுத்த வருஷத்துக்கா?"

"தெரியல."

அவர் அதோடு விட்டுவிட்டார்.

ஜெனெலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. தெரியாதது போல எத்தனை நாள் இருப்பது? பதில் எனக்குத் தெரியும், வில்லாவுக்கும் தெரியும்.

கடைசி வாயை மூடிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அண்ணன் தம்பி பந்தோடு மூலையில் குறுக்கே வந்தார்கள். சின்னவன் என்னைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டு போனான். பெரியவன் கவனிக்கவில்லை. அவன் காலடியில் பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சின்னவன் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"பரவாயில்ல," என்றேன். என்னால் முடிந்த அளவு மெதுவாக. "வேற மாட்டிக்கலாம்."

அப்படியும் ஓடிவிட்டார்கள். பந்து இங்கேயே கிடக்கிறது. வாசற்படியில் வைத்து, விளக்கைப் போட்டிருக்கிறேன்.